முதலில் தகடு, கடைசியில் இன்ஜின்

வண்டி என்றால் உயிரை விடும் இளைஞர்களுக்கும், அந்த இளைஞர்களை இந்த ஆசையிலிருந்து எப்படி மீட்பது என்ற கவலையோடு கூடவே வந்திருக்கும் வீட்டாருக்கும் தனித்தனியே வணக்கம். இன்றைய பொருள், கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சீரமைப்பதற்கென்றே விலைக்கு வாங்குவது. எப்படிச் சீரமைப்பது என்று பேச எத்தனையோ கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எப்படி வாங்குவது என்று மட்டும் நான் பேசப் போகிறேன். காரணம் உண்டு. சீரமைப்பு வேலை பட்டறையில் தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். வாங்கும் இடத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகியும் விடுகிறது. பழைய காரைப் பார்க்கப் போகிறவர் எதை முதலில் பார்க்கிறார்? "இன்ஜின் ஓடுதா?" என்று கேட்கிறார். அடுத்து விலையைக் கேட்கிறார். அடுத்துப் பெயிண்டைத் தடவிப் பார்க்கிறார். இந்த வரிசை தலைகீழானது என்பதுதான் என் வாதம். முதலில் தகடு. அடுத்து, வண்டியின் முழுமை. அடுத்து, காகிதம். இவை மூன்றும் தேறிய பிறகு, கடைசியில்தான் இன்ஜின். ஏன் இந்த வரிசை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எழும் மறுப்புகளுக்கும் பதில் தேடுவோம்.

பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது. ஆகவே ஒரு காரைக் கையில் எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துக் கார். 1962ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. 1980 வரை, ஐந்து வடிவங்களில், மூன்று லட்சத்துக்கும் மேலாகத் தயாரானது. இரண்டே இருக்கை, திறந்த கூரை, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலொட்டி வரைந்த உடல். கோடீஸ்வரர்களின் கார் அல்ல; சம்பளக்காரர்களும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்பதுதான் அதன் பெருமை. இதன் பிறப்பிலேயே ஒரு கதை இருக்கிறது. ஸ்டாண்டர்ட் டிரையம்ப் நிறுவனம் 1960 வாக்கில் பணமுடையில் சிக்கி, 1961இல் லேலண்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. புதிய நிர்வாகத்தினர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது, ஒரு மூலையில் துணி போர்த்தி நின்றது மிக்கெலொட்டி செய்த மாதிரி வண்டி. பணம் இல்லாமல் கைவிடப்பட்ட திட்டம் அது. பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று, உற்பத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். மூலையில் கிடந்த ஒன்றைச் சரியாக எடைபோட்டவர்களால்தான் அந்தக் கார் சாலைக்கே வந்தது.

சென்னைக்காரர்களுக்கு இது முழுக்க அந்நியமான வண்டியும் அல்ல. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து வந்தது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னைப் புறநகரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரை இன்று ஒரு ஸ்பிட்ஃபயரின் முன்னால் நிறுத்துங்கள். முன்பக்க சஸ்பென்ஷனை அவருக்கு அடையாளம் தெரியும். சிறு வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடும் அந்த ஸ்டியரிங்கைத் தெரியும். முன்பக்கம் முழுவதும் ஒரே பானட்டாக முன்னோக்கித் திறந்துகொள்வது தெரியும். இன்ஜின்கூட அதே குடும்பம். ஹெரால்டில் 948 சிசியாக இருந்தது, ஸ்பிட்ஃபயரில் 1147இல் தொடங்கி 1493 வரை வளர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்றும் ஸ்பிட்ஃபயரில் உண்டு. என் வாதத்தின் ஆணிவேரே அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

அது என்ன? இங்கிலாந்தில் ஹெரால்டு வந்த 1959இல், பல நிறுவனங்கள் தனி அடிச்சட்டத்தைக் கைவிட்டு, உடலே சட்டமாக நிற்கும் மோனோகாக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. டிரையம்ப் மட்டும் ஏன் பழைய முறைக்கே திரும்பியது? அவர்களுக்கு உடல் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் கிடைக்காத நிலையில், பகுதி பகுதியாகப் பல இடங்களில் செய்து, ஒரு சட்டத்தின் மேல் போல்ட் போட்டுப் பூட்டிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். ஹெரால்டின் சட்டத்தில் நடுவில் ஒரு முதுகெலும்பும், இரு பக்கமும் நீளவாட்டில் சட்டங்களும் உண்டு. ஸ்பிட்ஃபயருக்கு வந்தபோது அந்த அடிச்சட்டத்தின் நீளத்தைக் குறைத்தார்கள். பக்கவாட்டுச் சட்டங்களை எடுத்தே விட்டார்கள். அந்தச் சட்டங்கள் செய்த வேலையை இப்போது யார் செய்வது? கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பெட்டி செய்கிறது. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் பலம் கொடுக்க இன்னொரு தகடு. மேலே கூரையும் இல்லை. ஆகவே வண்டி நடுவில் தொய்யாமல் நிமிர்ந்து நிற்பதில் பெரும்பங்கு இந்த இரண்டு பெட்டிகளுக்கும் உண்டு. பார்வைக்கு இது கதவுக்கடியில் ஓடும் ஒரு விளிம்பு மாதிரி இருக்கும். உண்மையில் அது வண்டியின் எலும்பு.

இப்போது துருவின் வேலையைப் பார்ப்போம். இரும்புக்குத் துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு கலந்த சேறு சக்கர வளைவிலிருந்து தெறித்து, தகடுகள் ஒட்டும் மூட்டுக்குள்ளும் சில் பெட்டிக்குள்ளும் போய் உட்காருகிறது. தண்ணீர் வெளியேறும் சிறு துளைகள் அடைபட்டால், பெட்டிக்குள் ஈரம் காய்வதே இல்லை. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அது மூட்டுக்குள் உப்பி, வெல்டிங் வைத்த தகடுகளையே பிரித்துவிடும். இவ்வளவும் உள்ளிருந்து வெளியே நடக்கிறது. பெயிண்டின் மேல் ஒரு சிறு கொப்புளம் தெரியும் நாளில், உள்ளே பாதித் தகடு போயிருக்கும். 'ஷெட்டுக்குள்ளேயே நின்ற வண்டி, மழையே படவில்லை' என்று விற்பவர் சொல்லலாம். ஈர மண் தரை மேல் பல ஆண்டுகள் நின்ற வண்டிக்கு மழை தேவையில்லை. தரையிலிருந்து ஏறும் ஈரமே போதும். தார்ப்பாய் போட்டு இறுக்க மூடியிருந்தால் இன்னும் மோசம், அந்த ஈரம் வெளியேற வழியே இருக்காது. கடற்காற்று வீசும் ஊர்களில் உப்பைச் சாலையில் யாரும் கொட்டவும் வேண்டாம்.

ஆக, முதலில் தகடு. எப்படிப் பார்ப்பது? நம் ஊர்ச் சந்தையில் மாடு வாங்குகிறவர் கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்துக் காசை எடுப்பதில்லை; வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். அந்தக் கண் இங்கேயும் வேண்டும். ஸ்பிட்ஃபயரின் பல், கதவைச் சுற்றியுள்ள இடைவெளி. கதவை மூடிவிட்டு, அதன் பின்விளிம்பில் ஓடும் இடைவெளியைக் கவனியுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறதா? மேலே நெருங்கி, கீழே விரிந்திருந்தால் உடல் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். சில் பலமிழந்திருக்கிறது, அல்லது யாரோ ஒருவர் உடலுக்குத் தாங்கு கொடுக்காமல் பழைய சில்லை வெட்டியெடுத்து, தொய்ந்த நிலையிலேயே புதியதை வெல்டிங் செய்திருக்கிறார். இரண்டாவது நிலைமை முதலாவதைவிட மோசம், ஏனென்றால் அங்கே கோணல் நிரந்தரமாகிவிட்டது. ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டி பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாது. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கைக்குப் பின்னால், பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆர்ம் வந்து உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே தகடு உளுத்திருந்தால் பின்சக்கரத்தின் பிடிமானமே போயிற்று. பானட்டின் சக்கர வளைவுகளைப் பாருங்கள்; பல தகடுகளைச் சேர்த்துச் செய்த பானட் அது, ஒன்றைத் தொட்டால் அடுத்ததும் வேலை கேட்கும். புதிதாகப் பெயிண்ட் அடித்த பழைய வண்டியைக் கண்டால் ஓர் அடி பின்னால் நில்லுங்கள். ஏன் அடித்தார்கள், எதன் மேல் அடித்தார்கள் என்று கேளுங்கள். துரு வெளியே தெரிய நிற்கும் வண்டி, தன் குறையைச் சொல்லிவிட்டு விலை பேசுகிறது. நேற்று பெயிண்ட் அடித்த வண்டி அந்தக் குறையை விற்பனைக்குப் பிறகு சொல்லும்.

இரண்டாவது, முழுமை. பழைய கார்ச் சந்தையில் ஏமாற்றம் அதிகம் கிடைப்பது அட்டைப்பெட்டிகளில்தான். 'எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம், பெட்டிகளில் பத்திரமாக இருக்கிறது, பூட்டினால் போதும்' என்று விற்கும் வண்டி அது. யோசித்துப் பாருங்கள். பூட்டினால் போதும் என்றால், கழற்றியவர் ஏன் பூட்டவில்லை? ஏதோ ஒரு கட்டத்தில் காசோ பொறுமையோ இடமோ தீர்ந்துபோயிருக்கிறது. கழற்றிய வரிசை அவர் தலைக்குள் இருந்தது. அது பெட்டியோடு சேர்ந்து கைமாறாது. பெட்டியில் என்ன இல்லை என்பதும் பூட்டத் தொடங்கும் வரை தெரியாது. பிஸ்டன் கிடைக்கும், கிளட்ச் பிளேட் கிடைக்கும், பிரேக் சிலிண்டர் கிடைக்கும். தேயும் பொருள்களுக்கு இத்தனை ஆண்டுகளாக வியாபாரம் இருக்கிறது. கிடைக்காமல் அலையவைப்பவை தேயாத பொருள்கள். கண்ணாடிச் சட்டம், கூரைத் துணியைத் தாங்கும் மடிப்புச் சட்டம், அந்த ஆண்டு மாடலுக்கு மட்டும் வந்த ஒரு விளக்கு வளையம், டாஷ்போர்டின் ஒரு மீட்டர். ஐந்து வடிவங்களில் வந்த கார் இது. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பிகளாக இருந்தாலும் சிறு பாகங்கள் பல ஒன்றுக்கொன்று மாறாது. ஆகவே அந்த மாடலுக்குரிய பாகப் பட்டியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். ஓடாவிட்டாலும் முழுதாக நிற்கும் வண்டி, ஓடிக்கொண்டே பாதி பாகங்களை இழந்த வண்டியைவிட மேலானது.

மூன்றாவது, காகிதம். இது சலிப்பான பகுதி என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு காருக்கு அடையாளம் எங்கே இருக்கிறது என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று கவனித்தால், என் வரிசைக்கு அங்கேயே சாட்சி கிடைக்கும். பெருமளவு மாற்றியமைத்த ஒரு கார், பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை நெடுங்காலம் ஒரு மதிப்பெண் முறையைக் கடைப்பிடித்தது. சேஸிஸ் எனப்படும் அசல் அடிச்சட்டத்துக்கோ மோனோகாக் உடலுக்கோ 5 மதிப்பெண். சஸ்பென்ஷன், ஆக்சில், டிரான்ஸ்மிஷன், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. இன்ஜினுக்கு எவ்வளவு தெரியுமா? ஒன்று. ஒரே ஒரு மதிப்பெண். வாங்குகிறவர் முதலில் கேட்கும் பொருளுக்குச் சட்டம் கடைசி இடம் கொடுத்திருந்தது. இந்தியாவில் 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டி. சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாதிருக்க வேண்டும். தேறினால் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுகள் இன்று அந்த 50 ஆண்டைக் கடந்துவிட்டன. ஆகவே ஆர்.சி. புத்தகம் எங்கே, அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா, புத்தகத்தில் உள்ள பெயர் உயிரோடிருக்கிறவருடையதா, வாரிசுகள் எத்தனை பேர் என்பதெல்லாம் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள். துருவை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைக்கலாம். தொலைந்த காகிதத்தை எந்த வெல்டிங்கும் ஒட்டவைக்காது.

இப்போது கடைசியாக இன்ஜின். நீண்ட நாள் நின்ற இன்ஜினில் என்னென்ன கெடும்? பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். டாங்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும். கிளட்ச் பிளேட் ஃபிளைவீலில் ஒட்டிவிடும். எலி வயரிங்கைக் கடித்திருக்கும். கேட்கவே பயமாக இருக்கிறதா? ஆனால் இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, மருந்து உண்டு, மருந்துக்கு விலையும் முன்கூட்டியே தெரியும். ஸ்பிட்ஃபயரின் நான்கு சிலிண்டர் இன்ஜின் எளிமையானது. அதன் நோய்களும் எல்லாருக்கும் தெரிந்தவை. கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கப் பிறை வடிவத்தில் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள் உண்டு. அவை தேய்ந்து விழுந்துவிட்டால் கிராங்க் நகர்ந்து பிளாக்கையே தின்னத் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும்: ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, மற்றவர் இன்ஜின் முன்னாலுள்ள புல்லியைப் பார்க்க வேண்டும், புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் ஆடினால் பதில் கிடைத்துவிட்டது. முன்சக்கரத்தின் அடியில் டிரன்னியன் என்ற பித்தளை மரைத் துண்டு ஒன்று இருக்கிறது, ஹெரால்டுக்கும் அதுவேதான். அதற்கு அவ்வப்போது கியர் ஆயில் விட வேண்டும். கவனிக்காமல் காய்ந்துபோனால், அதற்குள் திரும்பும் தண்டு துருவேறி ஒருநாள் முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். ஆபத்தானதுதான், ஆனால் கழற்றி மாற்றக்கூடியது. ஈயம் இல்லாத பெட்ரோல் வந்ததா? ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டுவிடலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததா? அதைத் தாங்கும் குழாய்களை மாற்றிவிடலாம். ஆகவே ஒரு வழிமுறை சொல்கிறேன்: எந்தப் பழைய காரைப் பார்த்தாலும், இன்ஜினை முழுதாக இறக்கிப் பிரித்துச் செய்ய வேண்டியிருக்கும் என்று கணக்கில் எழுதிக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். ஓடினால் லாபம். ஓடாவிட்டால் நஷ்டம் இல்லை, ஏற்கெனவே எழுதியாயிற்று.

இங்கே முதல் மறுப்பு எழும். 'தகடு போனால் என்ன? புதுத் தகடு கடையில் கிடைக்கிறதே?' என்பார்கள். நியாயமான கேள்வி. கிடைக்கிறது என்பது மட்டுமல்ல, ஸ்பிட்ஃபயரின் போட்டிக் காரான எம்ஜிபிக்கு முழு உடலே புதிதாகக் கிடைக்கிறது. 1962இலிருந்து 1980 வரை ஆபிங்டன் நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேலாகத் தயாரான கார் அது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம், தேடிச் சேர்த்த பழைய அச்சுகளைக் கொண்டே 1988 முதல் அதன் முழு உடலைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. பழைய கார் உலகத்துக்கு அது பெரும் கொடை. ஆனால் அது என் வாதத்தை உடைக்கிறதா, உறுதிப்படுத்துகிறதா? மக்கள் இன்ஜினுக்காக அல்ல, உடலுக்காகத்தான் தவித்தார்கள் என்பதால் அல்லவா அந்த வேலையே தொடங்கியது! புது உடலை வாங்கியவரும் பழைய வண்டியின் ஒவ்வொரு திருகையும் கழற்றி அதற்கு மாற்ற வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும், வயரிங் இழுக்க வேண்டும். அந்தச் செலவை முன்கூட்டியே கூட்டிப் பார்த்தால், நல்ல உடலோடு இருந்த வண்டியை அதிக விலை கொடுத்து வாங்கியிருக்கலாமே என்ற கணக்கு வந்து நிற்கும். தனித்தனித் தகடுகளின் கதையும் இதுதான். தகட்டின் விலை குறைவு. பழையதை அளவோடு வெட்டி, உடலைத் தாங்குகொடுத்து நிறுத்தி, புதியதைப் பொருத்தி, கதவுச் சந்து சரியாக வரும்வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, பிறகு வெல்டிங் வைக்கும் டிங்கர் வேலையின் கூலிதான் விலை. அந்த வேலையில் அவசரம் காட்டினால் தொய்ந்த உடல் தொய்ந்தபடியே இறுகிப்போகும்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கவர்ச்சியானது. 'குப்பையில் கிடந்த காரெல்லாம் கோடிக்கு விலைபோகிறதே!' உண்மை. பிரான்சில் ரோஜெ பையோன் என்ற லாரிப் போக்குவரத்துத் தொழிலதிபர், அருங்காட்சியகம் அமைக்கும் கனவோடு பழைய கார்களைச் சேர்த்தார். தொழில் நொடித்தது, சில கார்கள் விலைபோயின, மற்றவை தகரக் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. 2015 பிப்ரவரியில் பாரிசில் அவை ஏலத்துக்கு வந்தன. பத்திரிகைக் கட்டுகளுக்கடியில் கிடந்த 1961ஆம் ஆண்டு ஃபெராரி ஒன்று, நடிகர் அலென் தெலோன் ஒருகாலத்தில் வைத்திருந்தது, 1.6 கோடி யூரோவுக்கு மேல் விலைபோனது. தூசியைக்கூடத் துடைக்காமல்! இதைப் படித்துவிட்டுத்தான் பலர் கொட்டகைகளைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஆனால் அங்கே விலை எதற்குக் கொடுக்கப்பட்டது? அந்த வகை ஃபெராரி உலகத்திலேயே சில டஜன்கள்தான். பெயர்பெற்ற உரிமையாளர், தொடர்ச்சியான வரலாறு, யாரும் கை வைத்துக் கெடுக்காத முழுமை. சீரமைத்த வேலைக்குக் கொடுத்த விலை அல்ல அது. சீரமைக்காமல் விட்டதற்குக் கொடுத்த விலை. மூன்று லட்சம் செய்யப்பட்ட காருக்கு அந்தக் கணக்கு பொருந்துமா? அப்படிப்பட்ட காரில், வேறொருவருக்குக் கூலி கொடுத்து முழுச் சீரமைப்பையும் செய்வித்து லாபம் பார்ப்பது மிக அரிது. முதலீடு என்ற சொல்லை வீட்டில் சம்மதம் வாங்கப் பயன்படுத்தாதீர்கள். வீட்டார் ஒரு நாள் கணக்குக் கேட்பார்கள்.

மூன்றாவது மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. 'லாபமும் இல்லை, சுலபமும் இல்லை என்றால், ஏற்கெனவே சீரமைத்த காரை வாங்கிவிட்டு நிம்மதியாக ஓட்டலாமே?' இதற்கு நேர்மையான பதில், ஆம், ஓட்டுவது ஒன்றுதான் நோக்கம் என்றால் அதையே செய்யுங்கள். வேறொருவர் செலவிட்ட பணமும் காலமும் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கும். அப்படி வாங்கும்போது வேலை நடந்த ஒவ்வொரு கட்டத்தின் புகைப்படங்களையும் கேளுங்கள். தகடு வெட்டிய படம் இல்லாமல் பெயிண்ட் அடித்த படம் மட்டும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படியானால் கிடக்கும் வண்டியை வாங்குவதற்கு என்னதான் காரணம்? காரணம் இருக்கிறது. சீரமைத்த காரில் நீங்கள் நம்ப வேண்டியிருப்பது பிறர் வார்த்தையை. சீரமைக்கும் காரில் நீங்கள் நம்புவது உங்கள் கண்ணை. பிரிட்டனில் 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றம் செய்யாத, 40 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். கடைசி ஸ்பிட்ஃபயர்கூட அந்த வயதைக் கடந்துவிட்டது. ஆகவே அந்த வண்டிகளுக்குச் சோதனை அதிகாரி இப்போது யார்? உரிமையாளரேதான். சில் பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்த உரிமையாளருக்கும், மேலே பளபளப்பை மட்டும் பார்த்த உரிமையாளருக்கும் சாலையில் வித்தியாசம் உண்டு. தன் வண்டியின் எலும்பு எப்படி இருக்கிறது என்று அறிந்து ஓட்டுவது ஒரு தனி உரிமை. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது, வேலை செய்து சம்பாதிக்கத்தான் முடியும்.

'இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு' என்றும் ஒரு குரல் கேட்கும். பணம் வேண்டும் என்பதை யார் மறுப்பது? ஆனால் இத்தகைய சாதாரண ஸ்போர்ட்ஸ் கார்களை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருப்பதில் பெரும்பங்கு, வார இறுதியில் தங்கள் கொட்டகையில் தாங்களே வெல்டிங் பழகிக்கொண்ட ஆசிரியர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அவர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்புகளுக்கும் உரியது. பாகங்கள் எங்கே கிடைக்கும், எந்த மாடலுக்கு எது பொருந்தும், எந்தத் தகடு சரியாக உட்காராது என்ற அறிவெல்லாம் அந்தக் கிளப்புகளில் கைமாறி வருகிறது. வண்டி வாங்குவதற்கு முன் கிளப்பில் சேருங்கள் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் புத்தி. வாங்கிய பிறகு வரும் அறிவைவிட வாங்குவதற்கு முன் வரும் அறிவுக்கு விலை குறைவு. நம் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுக்க நினைப்பவருக்கும் அந்தப் புத்தி பொருந்தும். அந்த வண்டியில் வேலை பார்த்த மெக்கானிக்குகளும் டிங்கர்களும் இன்னும் சிலராவது நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை, விலை பேசுவதற்கு முன் கூட்டிக்கொண்டு போங்கள். "அண்ணே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டு, அவர் கைக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால், அந்தத் திட்டத்தில் நீங்கள் செய்த மிகச் சிக்கனமான செலவு அதுவாகத்தான் இருக்கும்.

அன்பர்களே, இத்தனையும் கேட்ட பிறகு ஆசை குறைந்துவிட்டதா? குறையாமல் இருந்தால் மகிழ்ச்சி. ஆசை இல்லாமல் யாரும் துருப்பிடித்த காருக்கு அடியில் படுப்பதில்லை. ஆனால் ஆசைக்கு ஒரு வேலை, அறிவுக்கு ஒரு வேலை. எந்தக் கார் வேண்டும் என்பதை ஆசை முடிவு செய்யட்டும். ஸ்பிட்ஃபயரா, எம்ஜிபியா, ஹெரால்டா, அது உங்கள் இஷ்டம். அந்த வகையில் எந்த வண்டி வேண்டும் என்பதை மட்டும் ஆசையிடம் விடாதீர்கள். இரண்டு வண்டிகள் விலைக்கு வருகின்றன என்று வையுங்கள். ஒன்று மலிவு, இன்ஜின் பாடுகிறது, சில் உளுத்திருக்கிறது. மற்றொன்று விலை கூட, இன்ஜின் இறுகிக் கிடக்கிறது, தகடு கெட்டியாக, பாகங்கள் முழுதாக, புத்தகம் கையில் இருக்கிறது. இறுகிய இன்ஜினைத் திறந்து செய்ய ஆகும் செலவுக்கு ஓர் எல்லை உண்டு, அதை இன்றே காகிதத்தில் எழுதிவிடலாம். உளுத்த உடலுக்கு ஆகும் செலவின் எல்லை, அதை வெட்டத் தொடங்கிய பிறகுதான் தெரியும். எல்லை தெரிந்த செலவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை தெரியாததை விட்டுவிடுங்கள். இரண்டுமே சரியில்லை என்றால் வெறுங்கையோடு திரும்புங்கள். ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள் இன்னொன்று விலைக்கு வரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரத் தெரிந்தவருக்குத்தான், வேண்டும் என்று சொல்லும் உரிமை உண்டு. அந்தத் துணிவோடு போய்ப் பாருங்கள், குனிந்து பாருங்கள், கேட்டுப் பாருங்கள், பிறகு வாங்குங்கள்.